தங்கம் பூசினேன், கரி வந்திருக்கிறது. தங்கம் எரியுமா?

மூன்றாம்மாடி லேப் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி, இரண்டாம் வருடம். எங்கள் துறையில் ஒரு பழைய வெற்றிடப் பூச்சு மெஷின் இருக்கிறது. கண்ணாடி பெல் ஜார், ரோட்டரி பம்ப், டிஃப்யூஷன் பம்ப், உள்ளே டங்ஸ்டன் போட் (உலோகத்தை வைத்துக் கரண்டில் சூடாக்கும் சின்னத் தட்டு). வயதில் என்னைவிட மூத்தது, கோபத்தில் என் கைடைவிட மூத்தது.

நேற்று நான்கு ஸ்லைடுகளில் தங்க மின்முனை பூச வேண்டியிருந்தது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தங்கக் கம்பியில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, சுருட்டிப் போட்டில் வைத்தேன். எடை 94 மில்லிகிராம், நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து வந்ததும் எல்லா சுவிட்சையும் மறுபடி வரிசையாகப் போட்டேன். அரை மணி நேரத்தில், வெற்றிடத்தை அளக்கும் பென்னிங் மீட்டரின் முள் இடது ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இந்த மெஷினில் இவ்வளவு நல்ல வெற்றிடம் வந்ததே இல்லையே என்று சந்தோஷப்பட்டு, போட்டுக்குக் கரண்ட் ஏற்றினேன்.

தங்கம் உருகி மணியாகத் திரண்டது. அதுவரை சரி. அப்புறம் அதிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒன்று சுருண்டு எழுந்தது. ஒரு நிமிடத்தில் ஜாடியின் உட்புறம் முழுக்க இருண்டுவிட்டது. திறந்து பார்த்தால் நான்கு ஸ்லைடும் கன்னங்கரேல். சிம்னி விளக்குக் கண்ணாடியில் பிடிக்கும் கரியேதான். டியூப்லைட்டுக்குக் கீழே எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு பளபளப்பு இல்லை. விரல் தெரியாமல் ஓரத்தில் பட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கைடு எட்டிப் பார்த்து, "தங்கத்தை எரித்த முதல் ஆள் நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தங்கம் காற்றில் எரியாது என்று எட்டாம் வகுப்பிலிருந்து படித்திருக்கிறேன். அப்படியானால் இது என்ன? தங்கம்தானா, பம்ப் எண்ணெய் கருகி வந்ததா? திரும்ப எடுக்க வழி உண்டா? இந்த ஸ்லைடுகளைக் கழுவிவிடலாமா?


பழைய டெக்னீஷியன் எழுதியது:

கழுவிவிடாதீர்கள் அம்மா. முதலில் அந்த நான்கு ஸ்லைடையும் ஒரு பெட்டியில், எதுவும் மேலே படாமல் நிறுத்தி வையுங்கள். ஊதிப் பார்க்கக்கூட வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

முப்பத்தொரு வருடம் பூச்சு மெஷினோடு குடும்பம் நடத்தியவன் நான். நீங்கள் சொன்னதில் இரண்டு தடயம் இருக்கிறது. ஒன்று, பென்னிங் முள் இடது ஓரத்தில் படுத்தது. புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவை இதில் விழுவார்கள். பென்னிங் கேஜ் உள்ளே மின்னிறக்கம், அதாவது வாயு வழியாகக் கரண்ட் பாய்வது, நடந்தால்தான் அளக்கும். காற்றழுத்தம் ரொம்பக் கூடுதலாக இருந்தால் அதில் மின்னிறக்கமே பற்றாது, கரண்ட் ஓடாது, முள் சுழியில் கிடக்கும். பார்ப்பவருக்கு அது பிரமாதமான வெற்றிடம் மாதிரி தெரியும். அந்த நேரத்தில் பக்கத்திலிருந்த பிரானி மீட்டர் (கூடுதல் அழுத்தத்தை அளப்பது) என்ன சொன்னது என்று பாருங்கள். இரண்டாவது தடயம் அந்தப் புகை. நல்ல வெற்றிடத்தில் தங்கம் புகையாது. புகைவதற்கு நடுவில் வாயு வேண்டும்.

ஜாடியைத் திறக்க நைட்ரஜன் விடுவீர்கள் அல்லவா, அந்த ஊசி வால்வு கொஞ்சம் திறந்திருந்ததா? ஜாடிக்கும் டிஃப்யூஷன் பம்புக்கும் நடுவிலுள்ள ஹை வேக்கம் வால்வு மூடியே இருந்ததா? பார்த்துச் சொல்லுங்கள். என் ஊகம் சரி என்றால் நீங்கள் செய்திருப்பதற்கு ஒரு பெயரே உண்டு, தங்கக் கருப்பு. காசு கொடுத்துச் செய்துகொள்கிற சரக்கு அது.


மூன்றாம்மாடி லேப்:

ஐயா, இரண்டும் சரி. ஊசி வால்வு கால் சுற்று திறந்திருந்தது. ஹை வேக்கம் வால்வு மூடியே இருந்தது. கரண்ட் போனபோது நானே பயந்து மூடியிருக்கிறேன், வந்ததும் திறந்ததாக நினைத்துக்கொண்டேன். பிரானி முள் இப்போதும் அதே அமைப்பில் 2 மில்லிபாரில் நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் 2 மில்லிபார் நைட்ரஜன் எப்படி மஞ்சளைக் கருப்பாக்கும்? நைட்ரஜனோடு தங்கம் சேராதே.


பழைய டெக்னீஷியன்:

வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் இதே தப்பை அலுமினியத்தில் செய்தேன், அதுவும் பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்கும்போது.

சேர்க்கை எதுவும் நடக்கவில்லை. வழியில்தான் விஷயம். உங்கள் போட்டிலிருந்து ஸ்லைடுக்கு ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.00001 மில்லிபாரில் ஒரு அணு யார் மீதும் மோதாமல் சராசரியாக ஆறு மீட்டருக்கு மேல் போகும். அதாவது போட்டிலிருந்து கிளம்பிய தங்க அணு நேராக ஸ்லைடில் போய் அறைகிறது, கொண்டுவந்த சூட்டில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து அணுவோடு நெருக்கியடித்து உட்காருகிறது. பளபளவென்று படலம் வருகிறது. 2 மில்லிபாரில் அந்தத் தூரம் 0.03 மில்லிமீட்டர். தலைமுடித் தடிமன்கூட இல்லை. நேர்க்கோட்டில் போனாலே நாலாயிரம் மோதலுக்கு மேல். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய ஆள் போல அடிபட்டு, சூட்டை எல்லாம் நைட்ரஜனிடம் இழந்து, வழியிலேயே மற்ற தங்க அணுக்களோடு சேர்ந்து சில நானோமீட்டர் அளவுள்ள பொடியாகிவிடுகிறது. பொடியோடு பொடி ஒட்டிச் சங்கிலியாகிறது. அந்தச் சங்கிலிகள்தான் நீங்கள் பார்த்த புகை. ஸ்லைடை அடையும்போது அவற்றில் நகரச் சக்தி மிச்சமில்லை. விழுந்த இடத்தில் விழுந்தபடியே ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கும்.

சமையலறைக் கூரையில் தொங்கும் ஒட்டடையை நினைத்துக்கொள்ளுங்கள், தங்கத்தில் ஒட்டடை. உள்ளே பெரும்பாலும் வெறும் இடம்தான். கெட்டித் தங்கத்தின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

நீங்கள் முதல் ஆளும் அல்ல. ஹைட்ரஜன் நிறமாலையில் லைமன், பாமர், பாஷன், பிராக்கெட், ஃபண்ட் என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அந்தக் கடைசி ஃபண்ட் இந்த வேலையும் பார்த்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1930 வாக்கில் பிஸ்மத்தைக் கொஞ்சம் வாயு இருக்கும்போதே ஆவியாக்கிக் கருப்புப் பூச்சு செய்தார். அப்புறம் எம்.ஐ.டி.யில் லூயிஸ் ஹாரிஸும் கூட இருந்தவர்களும் 1948 முதல் தங்கத்தில் இதை முறைப்படுத்தினார்கள். வாயு நைட்ரஜன், அழுத்தம் சில மில்லிபார். உங்கள் ஊசி வால்வு கிட்டத்தட்ட அங்கேயேதான் நின்றிருக்கிறது.

எதற்கு என்று கேட்பீர்கள். வெப்பக் கதிரை அளக்கும் தெர்மோபைல், போலோமீட்டர் போன்ற டிடெக்டருக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து தூர அகச்சிவப்பு வரை எது வந்தாலும் விழுங்க வேண்டும். ஆனால் எடை இருக்கக்கூடாது. கருப்புப் பெயின்ட் அடித்தால் பெயின்டைச் சூடாக்கவே நேரம் போய்விடும், டிடெக்டர் மந்தமாகிவிடும். தங்க ஒட்டடைக்கு எடையே இல்லை. நான் இருந்த இடத்தில் இதற்கென்று தனி ஜாடி வைத்திருந்தோம். பூசி முடித்த டிடெக்டர் பக்கத்தில் தும்மக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். ஒருவர் தும்மினார். அந்தக் கதை இன்னொரு நாள்.


நிறமாலை எழுதியது:

ஒரு குறுக்குக் கேள்வி. ஊகம் அழகாக இருக்கிறது, ஆனால் சோதிக்காமல் நம்பக்கூடாது. டங்ஸ்டன் போட் சிவக்கும்போது காற்றுக் கசிவு இருந்திருந்தால் டங்ஸ்டன் ஆக்சைடு ஆவியாகிப் படிந்திருக்கும். அது நீலம் கலந்த இருட்டாகவும் வரும். பம்ப் எண்ணெய் ஆவி கருகினாலும் கரிதான். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கலாம்.

எளிய சோதனை இரண்டு. ஒரு ஸ்லைடைத் தியாகம் செய்யுங்கள். எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் ஒரு கோடு அழுத்தித் தேயுங்கள். கரியோ ஆக்சைடோ என்றால் கோடு அழுக்காகவே இருக்கும். தங்கம் என்றால் ஒட்டடை நசுங்கி ஒன்றாகி மஞ்சள் தெரிய வேண்டும். இன்னொரு துண்டை ஹாட்பிளேட்டில் 200 டிகிரியில் வைத்துப் பாருங்கள். இவ்வளவு சின்னப் பொடி தங்கத்தின் உருகுநிலையான 1064 டிகிரிக்கெல்லாம் காத்திருக்காது. அணுக்கள் மேற்பரப்பில் ஊர்ந்து சங்கிலிகள் தடித்து ஒன்றோடொன்று கூடிவிடும். கருப்பு வெளிறிப் பழுப்பாகி மஞ்சளுக்குப் போக வேண்டும்.

ஏன் கருப்பு என்பதற்கும் என் பங்குக்குக் கொஞ்சம். இருபது நானோமீட்டர் தங்க உருண்டைகள் தனித்தனியாகத் தண்ணீரில் மிதந்தால் சிவப்பு. கோவிட் ஆன்டிஜென் கிட்டில் வருகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் அதுதான். உருண்டைக்குள் இருக்கும் எலக்ட்ரான் கூட்டம் ஊஞ்சல் மாதிரி. 520 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு ஒத்து ஆடி அதை விழுங்கிவிடும், மிச்சம் சிவப்பாகத் தெரியும். அந்தக் கரைசலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் உருண்டைகள் கட்டிக்கொண்டு நீலமாகும். இரண்டு ஊஞ்சலைக் கயிற்றால் இணைத்த கதை. ஆடும் வேகம் மாறி, விழுங்கும் நிறம் சிவப்புப் பக்கம் நகர்கிறது. நீளக் கம்பியாக்கினால் அகச்சிவப்புக்கே போய்விடும். உங்கள் ஸ்லைடில் உருண்டை, இரட்டை, சங்கிலி, வளைவு, முடிச்சு என எல்லா நீளத்திலும் எல்லா வடிவத்திலும் இருக்கிறது. எந்த நிறம் வந்தாலும் அதற்கு ஒத்து ஆட யாராவது ஒருவர் இருப்பார்.

ஆனால் விழுங்குவதற்கு முன்னால் ஒளி உள்ளே வர வேண்டுமே. அதில்தான் பாதிச் சூட்சுமம். கெட்டித் தங்கத்துக்குள் நுழையும் ஒளிக்குக் காற்றிலிருந்து திடீரென்று சுவர். அகச்சிவப்பில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் திரும்பிவிடும். ஒட்டடையில் சுவரே இல்லை. காற்றுக்குள் கொஞ்சம் தங்கம் தூவியிருப்பதுபோல் இருப்பதால் எங்கே தொடங்குகிறது என்றே ஒளிக்குத் தெரியாது. உள்ளே வந்தபின் கம்பி கம்பியாகச் சின்ன மின்னோட்டம் எழுந்து, மின்தடையில் சூடாகி முடிந்துபோகும்.


பட்டறைப் பிள்ளை எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பொன் வேலை. இயற்பியல் எனக்குத் தெரியாது, ஆனால் தங்கம் கருப்பாவதில் எங்களுக்கு அதிசயம் இல்லை.

பழைய நகையைச் சுத்தம் செய்ய ராஜதிராவகத்தில் கரைப்போம். தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். அதில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை ஊற்றினால் தங்கம் பிரிந்து அடியில் தங்கும். சின்ன வயதில் முதல் தடவை பார்த்தபோது அழுதேவிட்டேன். அத்தனை பவுனும் செம்மண் சேறு மாதிரி கிடந்தது, காப்பித்தூள் நிறம். அப்பா சிரித்துக்கொண்டே அதைக் கழுவிக் காயவைத்து, மூசையில் (உருக்கும் மண்குப்பி) வெங்காரத்தோடு போட்டு உருக்கினார். ஊதி முடித்ததும் மஞ்சள் முத்து.

உங்களுடையது பழுப்பு இல்லாமல் முழுக் கருப்பு என்பதால் எங்கள் சேற்றைவிட நைஸாக இருக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஸ்லைடில் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஜாடியில். துடைக்கிற பேப்பரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பட்டறையில் துடைப்பத்தூசியைக்கூட நாங்கள் விற்போம்.


இருட்டறை எழுதியது:

இவ்வளவு பேர் பேசியும் யாரும் வெள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் ஸ்டூடியோவில் நாற்பது வருடம் கருப்பு வெள்ளைப் படம் கழுவினோம். நெகட்டிவில் இருக்கிற கருப்பு என்ன மை என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மையே கிடையாது, சுத்த வெள்ளி. டெவலப்பரில் ஃபிலிமின் ஒவ்வொரு வெள்ளி உப்புப் பரலிலிருந்தும் வெள்ளி இழை இழையாகப் பிதுங்கி, தேய்த்த பாத்திர நார் மாதிரி சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கல் கருப்பு. அதே வெள்ளி இழையாகாமல் ரொம்பச் சின்ன உருண்டையாக வந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். பாட்டி காலத்துப் படங்களில் பல பழுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் எடைக்கு வாங்குகிறவர்கள் எதை நம்பி வாங்குகிறார்கள்? அந்தக் கருப்பைத்தான்.


காயல் சோலார் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எல்லா ஒளியையும் விழுங்கும் என்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் தட்டில் இதைப் பூசலாமா? தங்கம் வேண்டாம், மலிவான உலோகத்தில்.


பழைய டெக்னீஷியன்:

பூசலாம், முதல் வெயிலில் போய்விடும். மேலே சொன்னார்களே, சூடு பட்டால் ஒட்டடை கூடிவிடும். விரல் பட்டால் நசுங்கும், தண்ணீர்த் துளி பட்டால் காயும்போது சுருங்கிவிடும். இது கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் ஜாதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த அலைநீளத்தை நன்றாக விழுங்குமோ அதே அலைநீளத்தில் நன்றாகக் கக்கவும் செய்யும். அகச்சிவப்பு வரை கருப்பாக இருந்தால், வாங்கின வெயிலைச் சூட்டுக்கதிராக வெளியே விட்டுவிடும். ஹீட்டர் தட்டுக்கு வெயிலில் கருப்பாகவும் சூட்டுக்கதிரில் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும். 1950-களில் இஸ்ரேலில் ஹாரி டேபர் அப்படிப்பட்ட பூச்சைச் செய்தார். கருப்பு நிக்கல், கருப்புக் குரோம் எல்லாம் அந்த வம்சம். வேடிக்கை என்னவென்றால் தங்கக் கருப்பையே மெல்லிசாகப் பூசினால் கண்ணுக்குக் கருப்பு, தூர அகச்சிவப்புக்கு ஊடுருவிப் போகிற சல்லாத்துணி. டிடெக்டருக்குத் தடிமனாகப் பூச வேண்டியிருந்ததே இதனால்தான்.

உறுதியான கருப்பு வேண்டும் என்றால் பூசக்கூடாது, அந்த உலோகத்தையே குடைய வேண்டும். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லெய் குவோவும் வோரோபியேவும் 2006-ல் ஃபெம்டோசெகண்ட் லேசரால் (மிகமிகக் குறுகிய துடிப்புகளாக அடிக்கும் லேசர்) உலோகத்தைப் பொரித்துப் பொரித்துக் கருப்பாக்கினார்கள். மேலே தனியாகப் பூச்சு எதுவும் கிடையாது, உலோகத்தின் தோலே குழியும் மேடும் நானோப் பருக்களுமாக மாறிவிடும். 2009-ல் பல்பின் டங்ஸ்டன் இழையையே அப்படிக் கருக்கி, அதே கரண்டில் கூடுதல் வெளிச்சம் வாங்கினார்கள். நான் சொன்ன கக்கும் கணக்கு அங்கே லாபமாகிவிட்டது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நிக்கல்-பாஸ்பரஸ் பூசி, அதை நைட்ரிக் அமிலத்தில் அரித்துக் கருப்பாக்கியது. அது எனக்குப் பிடித்த வழி. லேசருக்குக் காசு இல்லாத இடத்திலும் அமிலம் இருக்கும்.

அம்மா, ஸ்பூன் சோதனை என்ன ஆயிற்று? செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு நைஸான பொடி மூச்சில் போகக்கூடாது.


மூன்றாம்மாடி லேப்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை செய்தேன்.

ஸ்பூன் முதுகால் லேசாக ஒரு கோடு இழுத்தேன். முதல் இழுப்பில் கருப்பு பழுப்பானது. இரண்டாவது இழுப்பில் அதே கோட்டில் மஞ்சள். கருப்புப் பட்டுச்சேலையில் ஒற்றை ஜரிகை ஓடினது மாதிரி இருந்தது. பக்கத்து லேப் பையன் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு, அரை ஸ்லைடு ஜரிகையாகிவிட்டது. ஹாட்பிளேட்டில் வைத்த துண்டு 200 டிகிரியில் சில நிமிடங்களில் சாம்பல் கலந்த பழுப்பாகி, ஓரத்திலிருந்து மங்கலான மஞ்சளுக்கு வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வரவில்லை, சந்தன நிறம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் ஒரு துண்டைப் பார்த்தோம். வழக்கமாக மாதிரிக்கு மேல் தங்கம் பூசித்தான் உள்ளே வைப்போம். இதற்கு எதைப் பூசுவது என்று ஆபரேட்டர் அண்ணன் சிரித்தார். ஐயா சொன்ன ஒட்டடைதான், துளியும் மாற்றம் இல்லை. மணி மணியாகக் கோத்த சங்கிலிகள், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள்.

கைடு படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வந்து, நைட்ரஜன் அழுத்தத்தை 1, 2, 5 மில்லிபார் என்று மாற்றிப் பூசி ஒளிப் பிரதிபலிப்பு அளந்தால் என்ன என்று, தானே யோசித்தது போலக் கேட்டார். சரி சார் என்றேன். கம்பிக்குக் கையெழுத்து இந்தத் தடவை அவரே போடுகிறார்.

ஒரு சந்தேகம். கரைசலின் மின்கடத்தலை அளக்கும் எங்கள் கண்டக்டிவிட்டி செல்லில் இருக்கும் பிளாட்டினத் தகடுகளும் இப்படித்தானே கருப்பாக இருக்கின்றன? தொடாதே, காயவிடாதே என்று பி.எஸ்ஸி. லேபில் திட்டு வாங்கியிருக்கிறேன்.


பழைய டெக்னீஷியன்:

அதேதான். பிளாட்டினக் கருப்பு. அது ஆவியில் வருவதில்லை, கரைசலில் கரண்ட் விட்டுப் படியவைப்பது. ஜெர்மனியில் லும்மரும் குர்ல்பாமும் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே போலோமீட்டருக்கு அதைப் பூசினார்கள். செல்லுக்கு வேண்டியது கருப்பு நிறம் அல்ல, பரப்பளவு. நிறம் கூடவே வந்துவிட்டது.

5 மில்லிபாரில் பூசும்போது போட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்க வேண்டியிருக்கும், வாயு சூட்டைத் தின்னும். ரோட்டரி ஓடும்போது ஹை வேக்கம் வால்வு மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் டிஃப்யூஷன் எண்ணெய் போய்விடும். இந்தத் தடவை தெரிந்தே மூடுங்கள்.


பட்டறைப் பிள்ளை:

அக்கா, துடைத்த பேப்பர் பத்திரமா? மூசையில் போட்டு எரித்து, சாம்பலோடு வெங்காரம் சேர்த்து உருக்கினால் முத்தாகச் சேரும். 94-ல் பாதிக்கு மேல் வரும் என்று பந்தயம். அடித்தட்டு, போட் பிடிக்கிற ஸ்க்ரூ இடுக்கு எல்லாம் துடைத்தீர்களா?


மூன்றாம்மாடி லேப்:

ஜாடி, அடித்தட்டு, ஸ்க்ரூ எல்லாம் துடைத்து ஒரு கவரில் போட்டு "குப்பை அல்ல" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஓ-ரிங் பள்ளத்தை மறந்துவிட்டேன். நாளை காலை கூட்டுகிற அம்மா வருவதற்கு முன்னால் போய்விடுகிறேன்.